ராத்திரி 9 மணி ஆனால் டிவியில் வட்டம் சுத்துது, ஸ்பீட் டெஸ்டில் 92 காட்டுது. கோளாறு எங்கே?

கல்மண்டபம் மருமகள்:

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. சுவரில் ஆணி அடித்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது, ஆணிதான் வளையும். நாங்கள் இருப்பது முதல் மாடியில். எங்களை ஒட்டினாற்போல் இன்னும் நான்கு குடித்தனம்.

ஜனவரியில் கேபிள் கனெக்‌ஷனை எடுத்துவிட்டு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டோம். ‘கேபிளுக்குத் தனியாக எதற்குக் காசு, எல்லாம் நெட்டிலேயே வரும்’ என்று வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தவள் நான். அதனால் இப்போது பேச்சு வாங்குவதும் நான்தான்.

பகலில் டிவி நன்றாக ஓடுகிறது. ராத்திரி எட்டரைக்கு மேல் வட்டம் சுத்த ஆரம்பிக்கிறது. அத்தை பார்க்கிற சீரியலில் அறைய ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். மறுபடி படம் வரும்போது அறை வாங்கியவள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாள். நடுவில் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்கிறார். மாமா ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஐபிஎல்லில் ஒரு மேட்ச் விட மாட்டார். பக்கத்து வீட்டில் ‘அவுட்டே!’ என்று கத்துவார்கள். எங்கள் டிவியில் பௌலர் அப்போதுதான் பந்தைத் துடைத்துக்கொண்டு இருப்பார். அவர் ஓடி வருவதற்குள் வட்டம் வந்துவிடும். ‘ஆன்டெனா காலத்தில்கூட படம் நின்றதில்லை’ என்கிறார் மாமா. நான் என்ன சொல்ல?

தினமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் வேடிக்கை. சில நாள் லேசாக, சில நாள் பார்க்கவே முடியாத அளவுக்கு. ஆப்பில் பழைய சினிமா போட்டால் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. நேரலைதான் உதைக்கிறது. நான் வேலை விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, துணி துவைத்து மாடியில் காயப்போட்டு, சமைத்து முடித்து உட்காருகிற அந்த நேரத்தில்தான் இந்தக் கூத்து.

ரவுட்டர் முன் அறையில் வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது. டிவி உள் அறையில். நடுவில் ஒரு சுவர், சுவரை ஒட்டி இரும்பு பீரோ. டிவி 43 இஞ்ச், 2019இல் வாங்கியது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும், 5 பிடிக்காது. கம்பெனிக்குப் போன் செய்தால் ‘ஸ்பீட் டெஸ்ட் எடுங்க மேடம்’ என்கிறார்கள். எடுத்தேன், 92. ‘எங்க பக்கம் சரியா இருக்கு மேடம்’ என்று புகாரை மூடிவிட்டார்கள். மூன்று முறை ஆயிற்று.

பெரம்பூர் லோகோ:

100 பத்தாதுங்க. 300க்கு மாறுங்கள். நான் மாறினேன், அன்றோடு தொல்லை விட்டது.

டோல்கேட் தம்பி:

லோகோ அண்ணா, அது எப்படி? ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. அக்கா வீட்டில் இருப்பது ஒரு டிவி. 100இல் ஒரு மூலைகூட நிறையாது. 300 போட்டபோது உங்களுக்குப் புது ரவுட்டர் கொடுத்திருப்பார்கள், அதனால் சரியாகியிருக்கும்.

அக்கா, முதலில் டிவியைப் பிளக்கில் இருந்து பிடுங்கி ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் அது தூங்கத்தான் செய்யும், சாகாது. அப்புறம் டிவி செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அந்த வருஷத்து டிவிகளில் இடம் கம்மி. யாரும் தொடாத ஆப் பத்து இருக்கும், தூக்கிவிடுங்கள். இதுவும் ராத்திரி மட்டும் ஏன் என்பதற்குப் பதில் இல்லைதான். செய்து வைத்தால் நஷ்டமில்லை.

ஆயிரம் சேனல் வருஷத்துக்கு இவ்வளவு என்று விற்கிற திருட்டுப் பெட்டி இல்லையே? அதுவாக இருந்தால் மருந்தே கிடையாது. மேட்ச் நேரத்தில் அவன் சர்வரே மூச்சுத் திணறும்.

கல்மண்டபம் மருமகள்:

இல்லை தம்பி, எல்லாம் காசு கட்டிய ஆப்தான். பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மெனு வேகமாகத் திறக்கிறது. வட்டம் போகவில்லை.

பழைய லைன்மேன்:

தங்கச்சி, நான் காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரைக்கும் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஒயர் இழுத்தவன். 2003இல் சென்னையில் சிஏஎஸ் வந்து, பெட்டி வாங்கினால்தான் கட்டணச் சேனல் என்று ஆனபோது வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கியவனும் நான்தான். அப்புறம் ஃபைபர். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, ஏணியை விட்டாயிற்று.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரை வாசல் நிலைக்கு மேலே வைத்தது உங்கள் வசதிக்காக இல்லை. எங்கள் ஒயர் அங்கே முடிந்தது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்க வேண்டும். ‘இங்கே வைக்கட்டுமா மேடம்’ என்று கேட்போம், நீங்களும் தலையாட்டுவீர்கள். டிவி எந்த அறையில் என்று நான் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை.

சரி, பஃபர் என்றால் என்ன? நம்ம ஏரியாவில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாது, அதனால் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். சினிமா போடும்போது டிவி அதைத்தான் செய்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் முன்னாடியே இழுத்து டிரம்மை நிரப்பி வைத்துவிடும். நடுவில் குழாய் கொஞ்ச நேரம் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. நேரலையில் அது முடியாது. இன்னும் போடாத பந்தை எங்கிருந்து பிடித்து வைப்பது? டிரம் இல்லை, ஒரு குடம்தான். குழாய் பத்து இருபது செகண்ட் இழுத்துக்கொண்டால் குடம் காலி, வட்டம் சுத்தும். சினிமா ஓடுகிறது, மேட்ச் நிற்கிறது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் வேகம் குறைவு இல்லை, வரத்து விட்டு விட்டு வருகிறது. ஸ்பீட் டெஸ்ட் ஒரு குடம் எத்தனை செகண்டில் நிறைந்தது என்று சொல்லும். நடுவில் எத்தனை தடவை குழாய் நின்றது என்று சொல்லாது.

எங்கே விடுகிறது? மூன்று இடம்தான். கம்பத்தில் இருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரில் இருந்து டிவி வரை, இல்லையென்றால் டிவிக்குள். டிவியைத் தம்பி பார்த்துவிட்டார். மிச்சம் இரண்டு.

2.4இன் கதை இது. வைஃபை பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில் (டிவி சேனல் இல்லை, வைஃபை பேசுகிற தடம்) வேறு யாராவது பேசினால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குழாய் ஒன்று, வரிசையில் பிளாஸ்டிக் குடம் நாற்பது. உங்கள் குடம் எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன, முறை வந்தால்தான் பிடிக்க முடியும். 2.4இல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. ஒட்டு வீடுகள் நிறைந்த தெருவில் ராத்திரி 9 மணிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், எல்லோர் கையிலும் போன். பகலில் நன்றாக ஓடுகிறது என்றால் காரணம் தெரு காலி. இதில் உங்கள் வீட்டு இரும்பு பீரோ வேறு. செங்கல் சுவராவது கொஞ்சம் விடும், தகரம் விடவே விடாது.

ஸ்பீட் டெஸ்ட் எங்கே நின்று, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? முன் அறையில், ரவுட்டருக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். வயிறு வலிக்கும்போது டாக்டரிடம் போகாமல், வலி விட்ட பிறகு போய் நிற்கிற மாதிரி.

இன்றைக்கு வட்டம் சுத்துகிற நேரத்தில் இதைச் செய்யுங்கள். போனில் 5ஐ விட்டு 2.4க்கு மாற்றி, டிவிக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீட் பாருங்கள். பிறகு பிங், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் என்று பார்க்கிற ஆப் ஒன்றை இறக்கி, முதலில் 192.168.1.1க்கு இரண்டு நிமிஷம் ஓட விடுங்கள். அது பெரும்பாலும் உங்கள் ரவுட்டர்தான், சிலதில் எண் மாறும், ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கும். அப்புறம் 8.8.8.8க்கு இரண்டு நிமிஷம், அது வெளியே இருக்கிற கூகுள் சர்வர். ரவுட்டருக்குப் போய்வருவதே நூற்றுக்கணக்கில் குதித்தால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் வரைக்கும் 2, 3 என்று அமைதியாக இருந்து, வெளியே போகும்போது மட்டும் குதித்தால் கோளாறு வெளியே. அப்போது கம்பெனியோடு சண்டை போடலாம், அதுவரை வேண்டாம்.

கல்மண்டபம் மருமகள்:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை என்று எப்படிச் சொன்னீர்கள்! அதேதான்.

நேற்று ராத்திரி 9:10க்கு எடுத்தேன். முன் அறையில் 88. டிவிக்குப் பக்கத்தில் 2.4இல் 4.1. நான்கு! ரவுட்டருக்கு பிங் 3, 5, 4, 260, 480, 7, ஒன்றுமே இல்லை, 310 என்று போகிறது. சுற்றி எத்தனை வைஃபை என்று எண்ணினேன், 23. அதில் பாதிக்கு மேல் சேனல் 6, நாங்களும் 6. பீரோவை நகர்த்த முடியாது, அத்தையின் கல்யாணச் சீர்.

பழைய லைன்மேன்:

பீரோ இருக்கட்டும். சேனலை 1க்கோ 11க்கோ மாற்றுங்கள், எதில் கூட்டம் கம்மியோ அதில். பிரவுசரில் ரவுட்டர் எண்ணை அடித்தால் திறக்கிற செட்டிங்ஸ் பக்கத்தில் ‘சேனல் விட்த்’ (தடத்தின் அகலம்) என்று இருக்கும், 40 இருந்தால் 20 ஆக்குங்கள். 3, 4 காலியாகத் தெரிகிறதே என்று அதில் போய் உட்காராதீர்கள், இரண்டு பக்கத்துச் சத்தமும் காதில் விழும்.

இதெல்லாம் ஒத்தடம்தான். மருந்து என்றால் ரவுட்டரில் இருந்து டிவிக்கு நேராக லேன் கேபிள். டிவிக்குப் பின்னாடி துளை இருக்கும். பெரும்பாலான டிவியில் அது 100க்கு மேல் போகாது, அதனால் உங்களுக்கு ஒன்றும் குறையில்லை. ரெடிமேடாக இரண்டு பக்கமும் கிளிப் போட்டது வாங்குங்கள். வாங்கும்போது ஒன்று. மலிவாக வருவது முக்கால்வாசி அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கடைக்காரரிடம் துண்டு ஒயர் ஒன்று கேட்டு பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காத்து அதைச் சீக்கிரம் தின்றுவிடும். காசிமேட்டில் நான் போட்ட கிளிப்புகளையே ஒரு வருஷம் கழித்துப் பிடுங்கினால் உள்ளே இருக்கிற பல் பச்சை பூத்திருக்கும். விளக்கு எரியும், லிங்க் இருக்கும், ஆனால் பாக்கெட் (டேட்டாத் துண்டு) வழியில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளேயே கொண்டுபோங்கள், வெளிச்சுவரில் வேண்டாம்.

கல்மண்டபம் மருமகள்:

ரிச்சி ஸ்ட்ரீட் போய் 20 மீட்டர் வாங்கினேன், 450 ரூபாய். பிளேடு கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே உள்ளே போய் வேறு கட்டு எடுத்து வந்தார். நிலைப்படி ஓரமாக, பீரோவுக்குப் பின்னால் கிளிப் அடித்து ஓட்டியாயிற்று. ஆணி மூன்று வளைந்தது.

மூன்று நாள் வட்டமே இல்லை. அத்தை என்னோடு நன்றாகப் பேசினார். நேற்று மறுபடி 9:20க்கு ஆரம்பித்துவிட்டது! கேபிளில் இருக்கும்போது! ரவுட்டருக்கு பிங் 1, 1, 1 என்று நிற்கிறது. 8.8.8.8க்கு மட்டும் நடுநடுவே பதிலே இல்லை. இப்போது கம்பெனியோடு சண்டை போடலாமா அண்ணா?

பழைய லைன்மேன்:

போடலாம், ஒரு நாள் பொறுத்து. உங்களுக்கு வியாதி ஒன்று இல்லை போல, இரண்டு. முதலாவது சத்தத்தில் இரண்டாவது மறைந்திருந்தது.

ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் ‘ஆப்டிகல்’ அல்லது ‘PON’ ஸ்டேட்டஸ் என்று தேடுங்கள். ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஒரு எண் இருக்கும், ஃபைபரில் வந்து சேர்கிற வெளிச்சத்தின் அளவு அது. மைனஸ் 18இல் இருந்து 24க்குள் இருந்தால் நான் ஏணியை மடக்கிவிடுவேன். சாதாரணமாக வீடுகளில் வைக்கிற பெட்டிக்கு மைனஸ் 27தான் எல்லை. 21க்கும் 24க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். மூன்று குறைந்தால் வெளிச்சம் பாதி. பகலில் ஒரு தடவை, ராத்திரி வட்டம் சுத்தும்போது ஒரு தடவை எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ஃபைபர் உங்கள் மொட்டை மாடி வழியாகத்தானே இறங்குகிறது? சாயந்திரம் மாடியில் என்ன நடக்கிறது?

பெரம்பூர் லோகோ:

லைன்மேன் அண்ணன் துப்பறிகிறார். நான் 300இல் கட்டிய காசை நினைத்துக்கொண்டு படிக்கிறேன்.

கல்மண்டபம் மருமகள்:

சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பகல் 11 மணி: மைனஸ் 22.1. ராத்திரி 9:15: மைனஸ் 28.3. டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் ஒரு பழைய ஆணி. ஃபைபர் அந்த ஆணியைச் சுற்றி வந்துதான் கீழே இறங்குகிறது. அதே ஆணியில்தான் நான் துணிக்கொடி கட்டியிருக்கிறேன். அன்றைக்கு மாமாவின் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, எல்லாம் ஈரம். கொடி தொங்க, முடிச்சு ஃபைபரை ஆணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. போர்வையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இருந்த பையனைப் பார்க்கச் சொன்னேன். ‘அம்மா, 23!’ என்று கத்தினான். விட்டேன். ‘28!’

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் துவைப்பேன். போர்வை, ஜீன்ஸ் போடுகிற நாளில்தான் மோசம் போல. சில நாள் லேசாக, சில நாள் மோசமாக என்று எழுதினேனே, அது இதுதான். கம்பெனிக்காரர்களை மூன்று முறை திட்டியிருக்கிறேன்.

பழைய லைன்மேன்:

உள்ளே இருப்பது தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி இழை. நேராகப் போனால் கிலோமீட்டர் கணக்கில் வெளிச்சம் ஓடும். ஆணி மேல் மடித்தால் மடித்த இடத்திலேயே கசிந்துவிடும். நிமிர்த்தினால் பழைய நிலைக்கு வரும், உள்ளே விரிசல் விடாத வரை. கொடியை வேறு இடத்தில் கட்டுங்கள், ஃபைபரைக் காபித் தட்டு அகலத்துக்கு வளையமாகத் தளர்வாக விடுங்கள். இணைப்பு முனையைக் கழற்றிக் கண்ணில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சம் அது, விளையாட வேண்டாம்.

ஆணியைச் சுற்றி ஒயர் விட்டவன் எங்கள் ஆள்தான். நானாகவும் இருக்கலாம்.

டோல்கேட் தம்பி:

அக்கா, பக்கத்து வீட்டுக் கூச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பஃபரிங் இல்லை, தாமதம். அது போகாது. நேரலையைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்புவார்கள். துண்டு ஆறு செகண்ட் என்று வைத்துக்கொண்டால், மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகுதான் டிவி ஓட்டும். அங்கேயே 18 செகண்ட். அதற்கு முன்னால் நறுக்கவும் அனுப்பவும் ஆகிற நேரம் தனி. பக்கத்து வீட்டில் டிஷ்ஷோ கேபிளோ இருந்தால் அவர்களுக்கு முன்னால் வந்துவிடும்.

கல்மண்டபம் மருமகள்:

கொடியை எதிர்ப் பக்கம் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிவிட்டேன். ஒரு வாரம் ஆயிற்று, நேற்று இரண்டு போர்வை காயப்போட்டும் மைனஸ் 22.0. அத்தைக்குச் சீரியலில் ஒரு அறைகூட விடுபடவில்லை.

தம்பி சொன்ன 18 செகண்ட் கணக்கை மாமாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இப்போது மேட்ச் ஆரம்பித்ததும் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை 5இல் வைத்துவிட்டு உட்காருகிறார்.